அழுகுணிப் பேணி

வேலணைத் தீவில் நடந்த கண்டுபிடிப்புக் கண்காட்சிக்கு நான் எந்தக் கண்டுபிடிப்பையும் பார்க்கப் போகவில்லை. மாதர் சங்கத்துக்கு ஒரு மேசை தந்திருந்தார்கள். றால் ஊறுகாயும் கருவாட்டுச் சம்பலும் விற்கப் போனேன். மண்டபத்தின் வலப்பக்கம் முழுக்கப் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் சாமான்கள். மிதிக்க மிதிக்கத் தேங்காய் துருவுகிற சைக்கிள், ஆடு கிட்ட வந்தால் சத்தம் போடுகிற வேலி, மழை பெய்தால் தானே விரிகிற குடை. அந்தக் குடை மழையில்லாமலே மூன்று தரம் விரிந்து, திறந்து வைக்க வந்த பெரியவரின் மூக்குக்கண்ணாடியைத் தட்டி விழுத்தியது. சுவரில் உலகத்துக் கண்டுபிடிப்புகளின் படங்களை ஒட்டியிருந்தார்கள். ஒரு காலத்தில் புறாவின் நெஞ்சில் கமராவைக் கட்டிப் பறக்கவிட்டு எதிரியின் இடத்தைப் படம் எடுத்தார்களாம். புறாவிடம் யாரும் சம்மதம் கேட்டிருக்க மாட்டார்கள்.

இடப்பக்கத்தில் 'யுத்தகாலத் தொழில்நுட்பம்' என்று பெரிதாக எழுதித் தொங்கவிட்டிருந்தது. ஜாம் போத்தல் விளக்கு, மண்ணெண்ணெயில் ஓடிய மோட்டார் சைக்கிள், சைக்கிள் டைனமோவில் பாடிய றேடியோ. பிள்ளைகள் வாயைப் பிளந்து பார்த்தார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. அந்த ஜாம் போத்தல் வெளிச்சத்தில் படித்துத்தான் நான் சோதினை எழுதினேன். இதையெல்லாம் ஒருநாள் கண்ணாடிக்குள் வைத்துப் பார்ப்பார்கள் என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால், முதலில் கொஞ்சம் மண்ணெண்ணெயைத் தாருங்கள், கதையைப் பிறகு சொல்லலாம் என்றிருப்பேன்.

கண்காட்சியை ஒழுங்கு செய்தவர் அரியநாயகம் மாஸ்ரர். விஞ்ஞானம் படிப்பித்து ஓய்வுபெற்றவர், நல்ல மனுசன். பார்க்க வருகிற சனத்துக்கு விறுவிறுப்பாக இருக்கட்டும் என்று கடற்படைக் காம்பில் கேட்டு ஒரு கண்ணாடி அலுமாரியை இரவல் வாங்கி வந்து கடைசியில் வைத்திருந்தார். 'கடலில் கைப்பற்றப்பட்டவை' என்று அதில் எழுதியிருந்தது. இரண்டாம் நாள் மத்தியானம் சனம் குறைந்துவிட்டது. அலுமாரிக்குப் பக்கத்தில் ஃபேன் சுற்றியபடியால் சோற்றுப் பார்சலை எடுத்துக்கொண்டு அங்கே போய் ஒரு கதிரையில் இருந்தேன். இரண்டு வாய் சாப்பிட்டிருப்பேன். நிமிர்ந்து பார்த்தேன். என் மனுசனின் பேணி கண்ணாடிக்குள் இருந்தது.

பால்மா அடைத்து வந்த தகரப் பேணி. மூடியைச் சுற்றித் தார் பூசியிருந்தது. மூடியின் நடுவில் ஈயம் உருக்கி ஒட்டிய அந்தோனியார் பதக்கம். அடியில் ஒரு சின்ன வளையம், வளையத்தில் பச்சை நைலோன் கயிறு. முன்னால் மூன்று மொழியில் எழுதிய மட்டை: 'கைத்தயாரிப்பு மிதவை வெடிபொருள். சுருவில் கடற்பரப்பு. 22.02.2007.'

அந்தத் திகதியை எனக்கு யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. அன்று காலை ஆறரைக்குத்தான் றொஜன் அந்தப் பேணியோடு கடலுக்குப் போனார். பேணி இங்கே வந்துவிட்டது. பேணியைக் கொண்டு போனவர் பதினெட்டு வருடமாக வரவில்லை.

றொஜனைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவரளவு நித்திரைப் பிரியனை நான் கண்டதில்லை. அவர் செய்த எல்லாப் பொறிகளுக்கும் அடிக்காரணம் நித்திரைதான். தொண்ணூறில் தீவுச் சனம் முழுக்க இடம்பெயர்ந்து யாழ்ப்பாணப் பக்கம் போய்க் கிடந்தபோது, பத்து வயதில், சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவில் றேடியோவைப் பாட வைத்தாராம். பெடலைக் கையால் சுற்றுகிற வேலையைத் தம்பிமாரிடம் கொடுத்துவிட்டுத் தான் படுத்திருந்து செய்தி கேட்பாராம். எங்களுக்குக் கல்யாணமான பிறகு, காயப்போட்ட கருவாட்டைக் காகத்திடமிருந்து காக்கச் சோடாப் பேணிகளை வெட்டி ஒரு காற்றாடி செய்தார். அது சுற்றுகிற சத்தத்தில் காகம் பறந்ததோ இல்லையோ, அக்கம்பக்கத்தில் ஒருவரும் பகலில் கண்மூட முடியவில்லை. பூட்டியவர் மட்டும் அதற்குக் கீழேயே பாயைப் போட்டுக் குறட்டை விட்டார்.

கடலிலும் அதே கதைதான். வலையை விட்டால் வள்ளத்துக்குள் சுருண்டுவிடுவார். இரண்டு தரம் ஆமை சிக்கி வலை கிழிந்தது. ஒரு தரம் யாரோ மீனை வலையோடு களவாகத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். அவருடைய அப்பா பஸ்ரியாம்பிள்ளை, என் மாமா, வாயில் வந்தபடி ஏசினார். வேறு யாருமென்றால் நித்திரையைக் குறைத்திருப்பார்கள். இவர் ஒரு கிழமை மினக்கெட்டு இந்தப் பேணியைச் செய்தார்.

பேணிக்குள் இரண்டு பற்றரியும் ஒரு சுவிச்சும் ஒரு அழுகைப் பெட்டியும். பாரிஸிலிருந்து சித்தப்பா எங்கள் மகள் அன்ரனிட்டாவுக்கு ஒரு பாவைப்பிள்ளை அனுப்பியிருந்தார். வயிற்றை அமத்தினால் வீரிட்டு அழும். அதன் வயிற்றைக் கீறித்தான் அந்தப் பெட்டியை எடுத்தார். இரண்டு வயதுப் பிள்ளை, பாவைக்குப் பதிலாகத் தான் இரண்டு நாள் அழுதாள். வலையின் தலைப்பில் பேணியைக் கட்டி, கயிற்றை அவிழ்த்து மிதக்கவிட வேண்டும். வலை பலமாக இழுபட்டால் கயிறு சுவிச்சை இழுக்கும். நடுக்கடலில் ஒரு குழந்தை 'வீல்' என்று கத்தும். இவர் திடுக்கிட்டு எழும்புவார். நாங்கள் அதற்கு அழுகுணி என்று பெயர் வைத்தோம்.

எங்கள் ஆட்கள் புது வள்ளமோ புது வலையோ எதுவென்றாலும் சுவாமியாரைக் கொண்டு மந்திரிக்காமல் கடலில் இறக்க மாட்டார்கள். அழுகுணியைச் சுவாமியாரிடம் கொண்டுபோக ஏலாது, உள்ளே பற்றரி. அந்த வருடம் யாழ்ப்பாணத்துக்கு வருகிற தரைப்பாதையைப் பூட்டி, சாமான் தட்டுப்பட்டு, பற்றரியைக் கண்டாலே குண்டு செய்யவோ என்று ஆயிரம் கேள்வி கேட்டார்கள். அதனால் வீட்டிலிருந்த பதக்கம் ஒன்றைத் தானே மூடியில் ஒட்டினார். தொலைந்ததைக் கண்டுபிடித்துத் தருகிறவர் அந்தோனியார், வலையையும் பார்த்துக்கொள்ளுவார் என்றார். கயிற்றைப் பேணியில் இரண்டு சுற்றுச் சுற்றித் தலைப்பை உள்ளே செருகி ஒரு கட்டுப் போட்டார். இரைக்கூடைக்குள், சாளைத் துண்டுகளுக்கு அடியில் பேணியை வைத்துக்கொண்டு போனார். துறையில் நேவிக்காரரிடம் அடையாள அட்டையைக் கொடுத்துவிட்டுத்தான் கடலுக்குப் போகலாம். பன்னிரண்டு மணிக்குத் திரும்பி வந்து எடுக்க வேண்டும். அடுத்த நாள் அந்த அட்டையைத்தான் எங்களிடம் தந்தார்கள். சொந்தக்காரர் எடுக்க வரவில்லை என்றார்கள்.

அன்று பின்னேரம் முறைப்பாடு எழுத உட்கார்ந்தேன். வீட்டில் எழுத்து வடிவானது என்னுடையதுதான். மாமா எனக்கு எதிரே நின்றார்.

"பற்றரிக் கதையை எழுதாதை பிள்ளை. பிறகு அதைப் பிடிச்சுக்கொண்டு நிப்பினம். பொடியனை விடமாட்டினம்."

நானும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். மாமாவைக் குற்றம் சொல்லி நான் தப்ப முடியாது. தொண்ணூறுகளில் எங்கள் சனம் முழுக்கப் பழகிய பழக்கம் அது. காவலரணில் "என்ன கொண்டு போறாய்?" என்று கேட்டால், மடியில் எதை வைத்திருந்தாலும் "ஒண்டுமில்லை" என்றுதான் வாய் சொல்லும். கோயிலில் பாவசங்கீர்த்தனம் செய்கிறபோதுகூட யாரும் அதைப் பொய் என்று கணக்கெடுத்ததில்லை. நான் எழுதினேன்: 'எனது கணவர் வலையும் இரையும் சோற்றுப் பார்சலும் தவிர வேறெதனையும் கொண்டு செல்லவில்லை.'

அதற்குப் பிறகு எத்தனை விசாரணை, எத்தனை குழு. ஒவ்வொரு தரமும் முந்தி எழுதியதற்கு மாறாக ஒரு சொல்லும் வந்துவிடக்கூடாது என்று பழைய பிரதியைப் பக்கத்தில் வைத்துப் பார்த்து எழுதினேன். ஒன்பது முறைப்பாட்டிலும் அந்த வசனம் ஒரு புள்ளி மாறாமல் இருக்கிறது. ஒன்பதுக்கும் காம்பின் பதிலும் ஒன்றுதான்: அன்று கடலில் எந்த வள்ளத்தையும் மறிக்கவில்லை, யாரையும் பிடிக்கவில்லை. கடலில் விபத்து நடந்திருக்கலாம். எனக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு வசனம். அவரை நாங்கள் பிடித்தோம் என்று அவர்கள் ஒரு தரம் சொல்ல வேண்டும். அதைச் சொன்னால்தான் பிறகு என்ன செய்தீர்கள் என்று கேட்கலாம்.

இப்போது அவர்களுடைய அலுமாரியில், அவர்களே எழுதிய திகதியோடு பேணி இருக்கிறது. எனக்குக் கை கழுவவும் தோன்றவில்லை. சோற்றுக் கையோடு அலுமாரிக்குக் கிட்டப் போய்க் குனிந்து பார்த்தேன். கயிறு அவர் சுற்றியபடியே இருந்தது. தலைப்பு உள்ளே செருகியபடி. அந்தக் கட்டை ஒருவரும் அவிழ்க்கவில்லை. அப்படியென்றால் பேணி தண்ணீரில் இறங்கவேயில்லை. வள்ளத்துக்குள், அவருடைய கூடைக்குள் இருந்தபோது எடுத்திருக்கிறார்கள். சந்தோசப்பட்டேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. உண்மையாகவே சந்தோசப்பட்டேன். படம் எடுக்கக் கூடாது என்று எழுதியிருந்தது. ஊறுகாய் பட்ட விரலால் போனில் ஏழு படம் எடுத்தேன்.

அரியநாயகம் மாஸ்ரர் கதையைக் கேட்டுவிட்டுத் தலையில் கைவைத்தார்.

"நான் விளையாட்டுக்கு வாங்கி வந்த சாமான் பிள்ளை. உம்முடைய மனுசன்ரை எண்டு எனக்கென்ன தெரியும்?"

"மாஸ்ரர், உதைத் திறக்கேலாதோ? உள்ளுக்குப் பாவைப்பிள்ளையின்ரை பெட்டிதான் கிடக்கும். எல்லாரும் பாக்கட்டும்."

அவர் அப்போதே காம்புக்குப் போன் எடுத்தார். மரியாதையாகத்தான் பதில் சொன்னார்களாம். உள்ளே இருந்ததை அன்றைக்கே பாதுகாப்பாக அழித்தாகிவிட்டது, அலுமாரியில் இருப்பது வெறும் தகரக் கோது. மாஸ்ரர் போனை வைத்துவிட்டு என் முகத்தைப் பார்க்கவில்லை. மேசையிலிருந்த ஊறுகாய்ப் போத்தல்களை ஒரு பிரயோசனமும் இல்லாமல் நேராக அடுக்கினார்.

அடுத்த திங்கட்கிழமை யாழ்ப்பாணம் போனேன். இப்படியான முறைப்பாடுகளைப் பதிகிற கந்தோரில் கஜாலினி என்றொரு பிள்ளை இருக்கிறாள். முப்பது வயது வராது. என்னைக் கண்டால் எழும்பி நிற்பாள். என் முறைப்பாட்டுக் கோவை எந்த இறாக்கைத் தட்டில் இருக்கிறது என்று அவளுக்குப் பாராமலே தெரியும். படங்களைப் பார்த்ததும் அவளுடைய முகம் மலர்ந்தது. பிறகு கோவையைத் திறந்தாள், முகம் மாறியது.

"அக்கா, ஒன்பது தரமும் வேறொண்டும் கொண்டு போகேல்லை எண்டு எழுதியிருக்கிறியள்."

"பயத்திலை எழுதினது தங்கச்சி."

"எனக்கு விளங்குது. ஆனா உதை வாசிக்கிறவை என்ன சொல்லுவினம் எண்டால், பதினெட்டு வருசம் சொல்லாத பேணியை இப்ப கண்காட்சியிலை கண்ட பிறகு தன்ரை எண்டு சொல்லுறா எண்டுதான்."

என்னுடைய வடிவான எழுத்து அவளுடைய மேசையில் விரிந்து கிடந்தது. யாராவது எதிராளி எழுதிய பொய் என்றால் கிழித்து எறியலாம். இதை நான் என்ன செய்ய? கஜாலினி தானாகவே ஒரு கடிதம் தட்டச்சு செய்தாள். குடும்பத்தினர் அந்தப் பொருளை நேரில் பார்த்து இனங்காண அனுமதி வேண்டும் என்று கேட்டாள்.

மூன்று கிழமையில் பதில் வந்தது. எனக்கு அதுவே பயமாக இருந்தது, எங்களுக்கு யாரும் இவ்வளவு கெதியாகப் பதில் போட்டதில்லை. பொருளைக் கொண்டு வருகிறோம், வேலணையில் வந்து பாருங்கள், குடும்பத்தினுடையது என்றால் உரிமை கோரிக் கையெழுத்து வைத்து எடுத்துச் செல்லலாம் என்று இருந்தது. கீழே, பொருளின் பெயர் என்ற இடத்தில், 'வெடிபொருள் (செயலிழந்தது)' என்று இருந்தது.

அன்ரனிட்டா யாழ்ப்பாணத்தில் மருந்துக்கடையில் வேலை செய்கிறாள். போனில் வாசித்துக் காட்டினேன்.

"அம்மா, அப்பாவைக் குண்டுகாரன் எண்டு சொல்லுற தாளிலை கையெழுத்து வைக்கவோ போறியள்?" என்று கேட்டாள். அவளுக்கு அப்பாவின் முகம் படத்தில் பார்த்ததுதான்.

மாமா குசினி வாசலில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தார். எழுபத்தெட்டு வயது, இரண்டு கண்ணிலும் வெள்ளை படர்ந்துவிட்டது. அவர் சொன்னது எனக்கு இன்னும் காதில் நிற்கிறது.

"குண்டெண்டே எழுதட்டும் பிள்ளை. நீ கையெழுத்தை வை. அவன் அவையின்ரை கையிலை இருந்தவன் எண்டு வந்தால் காணும். குண்டு செய்தவனையும் பிடிச்சால் எங்கையாவது எழுதித்தானே வைச்சிருப்பினம்."

நான் இரண்டு நாள் யோசித்தேன். யோசிக்க என்ன இருக்கிறது? மகள் சொல்வதும் சரி, மாமா சொல்வதும் சரி. றொஜன் இருந்திருந்தால் பாயை விரித்துக்கொண்டு, பிறகு பாப்பம் என்றிருப்பார். கடைசியில் மாமாவின் பக்கம் சாய்ந்தேன்.

சந்திப்பு ஒரு கந்தோரின் மேல்மாடியில் நடந்தது. மாமாவைப் பிடித்துப் படியேற்றினேன். கஜாலினியும் வந்திருந்தாள். காம்பிலிருந்து வந்த அதிகாரி இளம் ஆள், அது நடந்த காலத்தில் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்திருப்பார். தமிழ் நன்றாகப் பேசினார். மாமாவுக்குத் தானே கதிரையை இழுத்துப் போட்டார். எனக்கு அதிலும் எரிச்சல்தான் வந்தது. கோபப்படுவதற்காவது ஒரு கூடாத மனுசனை அனுப்பியிருக்கலாம்.

பேணியை மேசையில் வைத்தார்கள். மாமா கேட்டார், தொடலாமா என்று. அதிகாரி தலையாட்டினார், பிறகு மாமாவுக்குக் கண் தெரியாது என்று விளங்கி "தொடுங்கோ ஐயா" என்றார். மாமா பதக்கத்தைத் தடவினார். தாரைத் தடவினார். விரல் கயிற்றுக்கு வந்ததும் நின்றது.

"பிள்ளை, கயிறு சுத்தினபடி எல்லோ கிடக்கு."

"ஓம் மாமா."

"இது தண்ணிக்கு இறங்கேல்லை. கட்டு அவிழ்க்காமல் ஆரும் உதைக் கடலிலை விடான். வள்ளத்துக்கை கிடந்து எடுத்திருக்கினம். இது அவன் போட்ட கட்டு." மாமா அதிகாரியின் குரல் வந்த பக்கம் திரும்பினார். "தம்பி, இது அவன் போட்ட கட்டு. நான்தான் அவனுக்குச் சின்னனிலை பழக்கினது."

"ஐயா, எனக்கு மீன்பிடி தெரியாது," என்றார் அதிகாரி. "புத்தகத்திலை எழுதியிருக்கிறதுதான் தெரியும்."

படிவத்தை என் பக்கம் தள்ளினார். ஒரு பக்கம் சிங்களம், மற்றப் பக்கம் தமிழ். நான் எதையும் முழுக்க வாசிக்காமல் கையெழுத்து வைக்கிற ஆள் இல்லை. பொருள்: வெடிபொருள். இடம்: சுருவில் கடற்பரப்பு. திகதி அதேதான். அதற்குக் கீழே 'கைப்பற்றப்பட்ட நிலை' என்றொரு வரி. மாமாவுக்குக் கேட்கட்டும் என்று சத்தமாக வாசித்தேன்.

"தனியே மிதந்த நிலையில். அருகில் கலமோ ஆட்களோ எவரும் இருக்கவில்லை."

வாசித்து முடித்த பிறகுதான் எனக்கே விளங்கியது. மாமா பேணியிலிருந்து கையை எடுத்தார்.

"இந்த ஒரு வரியை வெட்டுங்கோ," என்றேன். "மற்றதெல்லாத்துக்கும் நான் கையெழுத்து வைக்கிறன்."

"எனக்கு வெட்ட அதிகாரம் இல்லை அம்மா. அது பழைய பதிவு."

"கயிறு சுத்தின பேணி எப்பிடி ஐயா தனிய மிதக்கும்? அவர் பக்கத்திலை இருந்தவர்."

"எழுதினவர் இப்ப இல்லை அம்மா. ஓய்வுபெற்றுப் போயிட்டார்."

அந்த இடத்தில் எனக்கு மானம், ரோசம் ஒன்றும் மிஞ்சவில்லை. எழும்பி நின்று கத்தினேன். "குண்டெண்டு எழுதுங்கோ! கப்பலை உடைக்கிற குண்டெண்டு எழுதுங்கோ. அவர் செய்தவர், அவர்தான் கொண்டு போனவர், நான் கையெழுத்து வைக்கிறன். அவர் பக்கத்திலை இருந்தவர் எண்டு மட்டும் எழுதுங்கோ. ஒரு சொல்லு. 'இருந்தார்' எண்டு ஒரு சொல்லு எழுதுங்கோ."

என் மனுசனை, பாவைப்பிள்ளையின் வயிற்றைக் கீறியதற்கே மகளிடம் மன்னிப்புக் கேட்ட மனுசனை, நானே குண்டுகாரன் என்று எழுதச் சொல்லிக் கெஞ்சினேன். அதற்கும் அவர்களிடம் இடம் இல்லை. அதிகாரி ஒரு கிளாஸில் தண்ணீர் வார்த்து என் பக்கம் வைத்தார்.

கஜாலினி என்னை ஜன்னல் பக்கம் கூட்டிக்கொண்டு போனாள்.

"அக்கா, வடிவாய்க் கேளுங்கோ. நீங்கள் உரிமை கோரினால், அண்ணை வெடிபொருளோடை கடலுக்குப் போனவர், அங்கை விபத்து நடந்திருக்கு, பொருள் தனிய மிதந்திருக்கு எண்டு முடிப்பினம். கோவையை மூடிவிடுவினம். பிறகு என்னாலை ஒண்டும் செய்ய ஏலாது."

"கோராட்டி?"

"குடும்பத்தினுடையது அல்ல எண்டு எழுதிக் கையெழுத்து வைக்க வேணும். அப்ப கோவை முந்தி இருந்தபடி திறந்து கிடக்கும்."

"பேணி?"

அவள் அதிகாரியின் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

திரும்பி வந்து இருந்தேன். மாமா என்னுடைய கையைத் தேடிப் பிடித்தார். "பற்றரியைச் சொல்லாதை எண்டது நான்தான் பிள்ளை," என்றார். பதினெட்டு வருடத்தில் அவர் அதைப் பற்றிப் பேசியது அன்றுதான். நான் சொல்லக்கூடிய ஆறுதல் ஏதாவது இருக்கிறதா என்று தேடினேன். எழுதியது நான்தானே மாமா என்றேன். அது ஆறுதலா என்று எனக்குத் தெரியவில்லை.

அந்த 'எவரும் இருக்கவில்லை' என்ற வசனத்தை இன்னொரு தரம் வாசித்தேன். எழுதியவனை எனக்கு நன்றாகத் தெரிந்த மாதிரி இருந்தது. ஒரு பின்னேரம், யாரோ எதிரே நின்று இதை எழுதாதே என்று சொல்ல, அவன் குனிந்து ஒழுங்கான எழுத்தில் அதை எழுதியிருப்பான். பிறகு கேட்டவர்களுக்கெல்லாம் அதைப் பார்த்துப் பார்த்தே பதில் எழுதியிருப்பார்கள்.

இரண்டு கட்டங்கள் இருந்தன. 'உரிமை கோருகிறேன்' என்பதை விட்டுவிட்டு மற்றதில் சரி போட்டேன். கீழே காரணம் எழுத இரண்டு வரி விட்டிருந்தது. அதிகாரி பேனாவைத் தந்தார். எழுதினேன்: 'இப்பொருள் எனது கணவருடையதல்ல. இதனை நான் முன்னர் கண்டதில்லை.' திகதி போட்டுக் கையெழுத்தும் வைத்தேன். எழுத்து கொஞ்சமும் கோணவில்லை.

அதிகாரி பேணியைத் துணியில் சுற்றினார். சுற்றும்போது கட்டு அவிழ்ந்துவிடக்கூடாது என்று கவனமாகத்தான் சுற்றினார். நாங்கள் எழும்பினோம். மாமாவுக்கு நான் எந்தக் கட்டத்தில் சரி போட்டேன் என்று தெரியாது. படியில் இறங்கும்போது என் தோளைப் பிடித்தபடி கேட்டார்.

"அப்ப, இனி அவனைத் தேடுவினம்தானே பிள்ளை?"

"ஓம் மாமா," என்றேன். "தேடுவினம்."